பத்துக் குடும்பம் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் ஒரு ஏக்கர் எள் நிற்கும்

இந்த வாரம் மழை, விலை, ஆள் பற்றாக்குறை எல்லாத்தையும் ஓரமா வச்சிட்டு அழகு பற்றி எழுதப் போறேன். சிரிக்காதீங்க. ஐம்பது வயசு தாண்டின படாளத்து விவசாயிக்கும் அழகுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. நீங்க உடம்பில தேய்க்கிற எண்ணெய் ஏதோ ஒரு நிலத்தில விளைஞ்சுதான் வருது. அந்த வழியில எனக்கும் இதில சம்பந்தம் உண்டு.

இப்போ எங்க பார்த்தாலும் ஆலிவ் எண்ணெய். முகத்துக்கு ஆலிவ், தலைமுடிக்கு ஆலிவ், பிறந்த குழந்தைக்கு ஆலிவ், பிரசவமான பெண்ணோட வயித்து வரிக்கு ஆலிவ். "இயற்கை அழகு"ன்னு சொன்னாலே அந்தப் பச்சை பாட்டில்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருது. தாம்பரத்தில இருக்கிற என் தங்கச்சி மகள் போன்ல கேட்டா, "மாமா, குழந்தைக்கு ஆலிவ் ஆயில்தான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அம்மா நல்லெண்ணெய்தான்னு சண்டை போடுறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன்.

முதல்லயே சொல்லிடுறேன், ஆலிவைக் குறை சொல்ல இதை எழுதல. அது உயர்ந்த மரம். நூற்றுக்கணக்கான வருஷம் நின்னு காய்க்கும். ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கம், துனீசியா, சிரியா, பாலஸ்தீனம்னு மத்தியதரைக் கடலைச் சுத்தி இருக்கிற ஜனங்களுக்கு அதுதான் சோத்துக்கும் விளக்குக்கும் உடம்புக்கும் எண்ணெய். பழைய கிரேக்கத்தில மல்யுத்தக்காரங்க உடம்பு முழுக்க ஆலிவ் எண்ணெய் பூசிக்கிட்டு இறங்குவாங்களாம். முடிஞ்சதும் எண்ணெய், வேர்வை, புழுதி எல்லாத்தையும் வளைஞ்ச உலோகத் தகடு ஒண்ணால வழிச்சு எடுப்பாங்களாம். நாம சீயக்காய் போட்டுத் தேய்க்கிறதை அவங்க தகட்டால செஞ்சிருக்காங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

சிரியாவில அலெப்போன்னு ஒரு ஊர். அங்க ஆலிவ் எண்ணெயோட இன்னொரு மரத்து எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, மாசக் கணக்கில உலர வச்சு சோப்பு செய்வாங்க. அந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2024ல் பாதுகாக்க வேண்டிய பாரம்பரியம்னு பட்டியல்ல சேர்த்திருக்காங்க. பிரான்சில மார்செய் ஊர்ல செய்யிற சோப்புக்கு ஆலிவ் எண்ணெயைத் தவிர வேற கொழுப்பு சேர்க்கக் கூடாதுன்னு 1688லயே, 14ஆம் லூயி அரசர் காலத்தில, சட்டம் போட்டாங்க. நம்ம நாட்டு முஸ்லிம் மக்கள் ஜைத்தூன் எண்ணெய்னு மரியாதையாச் சொல்றாங்க. கிறிஸ்தவங்க வேதத்தில ஒலிவ மரம் இருக்கு. நம்பிக்கையோட தேய்க்கிறவங்களை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

அந்த ஜனங்க கிட்ட நாம கத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அவங்க மண்ணுல விளையிறதை அவங்க உடம்புக்குத் தேய்ச்சாங்க, சட்டம் போட்டுக் காப்பாத்தினாங்க, ஊர் ஊரா அதோட பேரைக் கொண்டு போனாங்க. நாம அந்தப் பழக்கத்தை விட்டுட்டு பாட்டிலை மட்டும் வாங்கிக்கிட்டோம்.

இங்கிலீஷ்ல 'ஆயில்'ங்கிற வார்த்தை எங்க இருந்து வந்தது தெரியுமா? லத்தீன்ல 'ஓலியம்', கிரேக்கத்தில 'எலையோன்'. ரெண்டும் ஆலிவைக் குறிக்கிற சொல்லில இருந்து வந்ததுதான். அவங்களுக்கு எண்ணெய்னாலே ஆலிவ். தமிழ்ல 'எண்ணெய்' எப்படி வந்தது? எள் கூட்டல் நெய். நமக்கு எண்ணெய்னாலே எள்ளு. தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், கடலெண்ணெய்னு எதைச் சொன்னாலும் அதுக்குள்ள எள்ளு உக்காந்திருக்கு. நீங்க 'ஆலிவ் எண்ணெய்'னு சொல்றப்பவும் எள்ளோட பேரைச் சொல்லித்தான் ஆலிவைக் கூப்பிடுறீங்க.

ஆலிவ் எண்ணெய் இந்தப் பக்கம் புதுசாவும் வரல. புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில 1945ல் மார்ட்டிமர் வீலர்ங்கிற அதிகாரி தோண்டினாரு. ரெண்டு கைப்பிடி வச்ச ரோமானிய ஜாடி உடைசல் நிறைய கிடைச்சுது. திராட்சை ரசம், மீன் சாறு, அதோட ஆலிவ் எண்ணெய் கொண்டு வந்த ஜாடிங்க அவை. நம்ம பாலாறு கடல்ல கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில வசவசமுத்திரம்னு ஒரு ஊர் இருக்கு, சதுரங்கப்பட்டினம் கிட்ட. அங்கயும் தொல்லியல் துறை தோண்டினப்ப மேற்கே இருந்து வந்த கூம்பு ஜாடி உடைசல் கிடைச்சிருக்கு. ஆக, மேற்கத்திச் சரக்கு ரெண்டாயிரம் வருஷமா நம்ம கடற்கரைக்கு வந்துக்கிட்டுத்தான் இருக்கு. அப்போ வந்தது வந்த மாதிரி இருந்துச்சு, எள்ளு விதைக்கிறவன் விதைச்சுக்கிட்டே இருந்தான். இப்போதான் வந்தது உள்ள வர, இருந்தது வெளியே போகுது.

தோலுக்கு எது நல்லது? இதை நான் சொன்னா 'எள்ளு விக்கிறவன் வேற என்ன சொல்வான்'னு நினைப்பீங்க. அதனால படிச்சவங்க சொன்னதைச் சொல்றேன். இங்கிலாந்தில ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஆலிவ் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் பெரியவங்க கைத் தோல்ல தினமும் சில சொட்டு தடவி, சில வாரம் கழிச்சுப் பார்த்திருக்காங்க. 2013ல் அது வெளியாச்சு. ஆலிவ் தடவின இடத்தில தோலோட மேல்பூச்சு, அதாவது ஈரத்தை உள்ள நிறுத்தி அழுக்கை வெளியே நிறுத்துற அடுக்கு, பலவீனமாச்சு, லேசாச் சிவந்தும் போச்சு. சூரியகாந்தியில அப்படி ஆகல. குழந்தைங்க வறண்ட தோலுக்கு ஆலிவ் தடவச் சொல்றதை நிறுத்துங்கன்னு அவங்க எழுதினாங்க.

காரணம் இதுதான். ஆலிவ் எண்ணெயில ஒலீயிக் அமிலம்ங்கிற கொழுப்புதான் பெரும்பங்கு, பாதிக்கு மேல. அது தோல் அடுக்கை இளக்கி உள்ள போகும். லினோலியிக் அமிலம்னு இன்னொண்ணு இருக்கு. அது தோல் தன் அடுக்கைக் கட்டிக்கத் தேவைப்படுற சாமான். ஆலிவ்ல அது கொஞ்சம்தான். நல்லெண்ணெயில ரெண்டும் கிட்டத்தட்டச் சரிபாதியா, ஒவ்வொண்ணும் நூத்துக்கு நாப்பது வாக்கில இருக்கும். அதோட எள்ளுக்கே உள்ள சில சத்துப் பொருள் இருக்கிறதால நல்லெண்ணெய் சீக்கிரம் காறாது.

இதைப் படிச்சிட்டு 'நல்லெண்ணெய் ஜெயிச்சிடுச்சு'ன்னு யாரும் கிளம்ப வேணாம். அந்த ஆய்வில நல்லெண்ணெய் இல்லவே இல்ல. அதனால அது நல்லெண்ணெய்க்குச் சான்றிதழ் ஆகாது. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். இறக்குமதி ஆகுது, விலை அதிகம், பாட்டில் அழகா இருக்குங்கிறதால ஒரு எண்ணெய் உசந்தது ஆகிடாது. நம்ம எண்ணெய் மட்டமும் ஆகிடாது. நல்லெண்ணெய் தேய்ச்சா கறுப்பு சிவப்பாகும்னு எவனாவது சொன்னா அவனையும் நம்பாதீங்க. எந்த எண்ணெயும் நிறத்தை மாத்தாது. மாத்தவும் வேணாம். முகத்தில பரு உள்ளவங்க எந்த எண்ணெயையும் யோசிச்சுத்தான் தடவணும். எள்ளு ஒத்துக்காதவங்களும் இருக்காங்க, அவங்க தள்ளியே இருக்கணும். பச்சைக் குழந்தைக்கு மூக்கில, காதுல, கண்ணுல எண்ணெய் விடுற பழைய வழக்கம் மட்டும் வேண்டவே வேணாம். தோல்ல சொறி, வெடிப்பு இருந்தா டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யுங்க. இதைத்தான் தங்கச்சி மகளுக்கும் சொன்னேன். அவ அம்மாவுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

நம்ம பக்கத்து அழகுப் பழக்கம்னா வெறும் எண்ணெய் இல்ல. அது ஒரு வரிசை. ஆம்பளைக்குப் புதன், சனி. பொம்பளைக்குச் செவ்வாய், வெள்ளின்னு கிழமை வச்சிருந்தாங்க. எண்ணெயைச் சீரகமோ மிளகோ போட்டு லேசாச் சூடு பண்ணி, உச்சியில இருந்து உள்ளங்கால் வரை தேய்ச்சு, கொஞ்ச நேரம் ஊற விட்டு, தலைக்குச் சீயக்காய் இல்லைன்னா அரப்பு, உடம்புக்குப் பச்சைப்பயறு மாவு. அந்த மாவில கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ சேரும். ஆவாரம்பூ இன்னைக்கும் எங்க ஏரிக்கரையில மஞ்சளாப் பூத்துக் கிடக்கு, பறிக்கத்தான் ஆள் இல்ல. அந்த நாள்ல வெயில்ல அலையக் கூடாது, பகல்ல தூங்கக் கூடாது, மிளகு ரசம் வச்சுச் சாப்பிடணும். யோசிச்சுப் பாருங்க, வாரத்தில ஒரு நாள் உடம்பைக் கவனிச்சு ஓய்வு குடுக்கிறதுக்கு ஒரு சாக்கு அது. 'வைத்தியனுக்குக் குடுக்கிறதை வாணியனுக்குக் குடு'ன்னு பெரியவங்க சொன்னது இதைத்தான். இப்போ தீபாவளிக்கு விடியக்காலம் தலையில ஒரு சொட்டு வைக்கிறதோட அது முடிஞ்சு போச்சு.

இப்போ என் பக்கத்துக் கதை. எள்ளு சின்னப் பயிர். சம்பா அறுத்த பிறகு மாசிப் பட்டத்தில விதைப்போம். ஏக்கருக்கு ரெண்டு கிலோ விதை போதும். விதை ரொம்பப் பொடி, அதனால மணலோட கலந்து வீசணும். இல்லைன்னா ஒரு இடத்தில கொத்தா முளைச்சு ஒரு இடம் சொட்டையா நிக்கும். பதினஞ்சாம் நாள் ஒருக்கா, முப்பதாம் நாள் ஒருக்கா நெருக்கத்தைக் கலைச்சு விடணும். தண்ணி அதிகம் கேக்காது. தண்ணி தேங்கினாத்தான் அழுகும். எம்பது தொண்ணூறு நாள்ல அறுவடை. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில கண்டுபிடிச்ச ரகங்கள்தான் டி.எம்.வி.ன்னு ஆரம்பிக்கிறது. பக்கத்து ஊர்லயே விதைக்கு ஆராய்ச்சி நடக்கிற பயிர் இது.

கஷ்டம் அறுப்புலதான். கீழ இலை பழுத்து உதிரும், அடிக்காய் பழுக்கும். அந்த நாளைத் தவற விட்டா காய் வெடிச்சு எள்ளு மண்ணுக்குப் போயிடும். அறுத்து, தலை உள்ளே இருக்கிற மாதிரிப் போர் அடுக்கி மூணு நாள் வச்சு, அப்புறம் பிரிச்சு வெயில்ல காய வச்சு, களத்தில தலைகீழாத் தட்டணும். அந்த வாரத்தில ஒரு கோடை மழை வந்தா கறுத்துப் போகும், விலை போகாது. மிஷின் வச்சு அறுக்கிற பயிர் இல்ல, கைதான் வேணும். அந்தக் கை எல்லாம் இப்போ கம்பெனி பஸ் ஏறிப் போகுது. ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில எள்ளு விளைஞ்ச மேட்டு நிலத்தில எல்லாம் இப்போ கல் நட்டு, பெயின்ட் அடிச்சு, மனை நம்பர் எழுதி இருக்கு. பக்கத்திலயே சர்க்கரை ஆலை இருக்கிறதால தண்ணி உள்ளவங்க கரும்பு வைக்கிறாங்க. கரும்புக்கு வாங்க ஆள் இருக்கு. எள்ளுக்கு யார் இருக்காங்க?

இங்கதான் நீங்க வர்றீங்க. ஒரு கணக்கு சொல்றேன், நீங்களே போட்டுப் பாருங்க. ஒரு ஆள் ஒரு தடவை தலையும் உடம்பும் தேய்க்க அம்பது மில்லி எண்ணெய் ஆகும். வீட்டில நாலு பேர், வாரத்துக்கு ஒரு தடவை. ஒரு வாரத்துக்கு இருநூறு மில்லி, வருஷத்துக்குப் பத்து லிட்டருக்குக் கொஞ்சம் மேல. செக்கில ஆட்டினா பத்து கிலோ எள்ளுக்கு நாலு லிட்டர் எண்ணெய் சொல்லலாம். ஓரளவு நல்லா வந்த ஒரு ஏக்கர்ல இருநூத்தி அம்பது கிலோ எள்ளு கிடைக்கும். அதாவது நூறு லிட்டர். ஆக, ஒரு ஏக்கர் எள்ளு, வாரா வாரம் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற பத்துக் குடும்பத்துக்குச் சரியா இருக்கும்.

பத்தே குடும்பம். உங்க அபார்ட்மென்ட்ல ஒரு மாடியில இருக்கிறவங்க. அவங்க சேர்ந்து முடிவு பண்ணா, எங்கயோ ஒரு விவசாயி ஒரு ஏக்கரை மனைக்காரன் கிட்டக் குடுக்காம இன்னொரு மாசிக்கு விதைப்பான். பிண்ணாக்கு மாட்டுக்குப் போகும், செடி தழை மண்ணுக்குப் போகும், பூ பூக்கிறப்போ தேனீ வரும். அரசாங்கம் திட்டம் போடணும், மானியம் குடுக்கணும்னு நான் கேக்கல. குடுத்தா வாங்கிப்போம். ஆனா விளைஞ்சதை வாங்க ஆள் இருந்தாத்தான் பயிர் நிக்கும். இது எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தர வேணாம்.

'அப்போ ஆலிவையே இங்க விளைவிக்கலாமே'ன்னு ஒருத்தர் கேட்டார். ராஜஸ்தான்ல இஸ்ரேல் உதவியோட 2007ல இருந்து வச்சுப் பார்க்கிறாங்க. பிகானேர் பக்கம் எண்ணெய் ஆலையும் போட்டாங்க. அங்க ராத்திரிக் குளிர் இருக்கு. ஆலிவ் பூக்கணும்னா குளிர்காலக் குளிர் வேணும். நம்ம செங்கல்பட்டு வெயிலுக்கு மரம் வேணா வளரும், காய் எதிர்பார்க்க முடியாது. இந்த வெயிலுக்குன்னே இருக்கிற பயிர் எள்ளு.

எங்க பக்கத்துக் குறையையும் சொல்லணும். 'மரச்செக்கு எண்ணெய்'னு போர்டு வச்ச கடை எல்லாம் நல்ல கடை இல்ல. முன்னால செக்கு சுத்தும், பின்னால டின்னுல வந்து இறங்கும். நல்லெண்ணெய்னு சொல்லி வேற எண்ணெய் கலக்கிறவங்க இருக்காங்க. வெளியூர் எள்ளு மட்டும் இல்ல, ஆப்பிரிக்கா எள்ளும் இப்போ நம்ம நாட்டுக்கு இறக்குமதி ஆகுது. 'தீப எண்ணெய்'னு விக்கிறது விளக்குக்கு மட்டும்தான். விலை குறைவுன்னு அதை உடம்பில தேய்க்காதீங்க.

அதனால வாங்குறப்போ ஆட்டுறதைக் கண்ணால பார்த்து வாங்குங்க. எள்ளு எந்த ஊருது, எந்தப் பட்டத்துதுன்னு கேளுங்க. பதில் சொல்லத் தெரியாதவன் ஆட்டுறவன் இல்ல. கருப்பட்டியோ வெல்லமோ போட்டுத்தான் எள்ளை ஆட்டுவாங்க, அப்போதான் எண்ணெய் பிரியும். அதனால மோந்து பார்த்தா இனிப்பு வாசம் லேசா வரும். முடிஞ்சா நாலு வீடு சேர்ந்து எள்ளாவே வாங்கி ஆட்டிக்குங்க. பிண்ணாக்கும் உங்களுக்கே.

ஆலிவ்தான் வேணும்னு இருக்கிறவங்களும் ஏமாறாம வாங்குங்க. பாட்டில் பின்னால படிங்க. 'பொமேஸ்'னு போட்டிருந்தா அது முதல் ஆட்டு எண்ணெய் இல்ல, ஆட்டி முடிச்ச சக்கையில இருந்து கரைப்பான் போட்டு எடுத்தது. முன்னால பெருசா ஆலிவ் படம், பின்னால பொடி எழுத்தில 'மினரல் ஆயில்' இல்லைன்னா 'லிக்விட் பாரஃபின்'னு இருந்தா, நீங்க காசு குடுக்கிறது பெட்ரோலியத்தில இருந்து எடுத்த எண்ணெய்க்கு. அதுக்கும் ஸ்பெயின் விவசாயிக்கும் சம்பந்தம் இல்ல. ஸ்பெயின் விவசாயியும் என்னை மாதிரி ஒருத்தன்தானே. அவனுக்காவது காசு போய்ச் சேரட்டும்.

'நல்லெண்ணெய் பிசுபிசுக்குது, வாசம் அடிக்குது, டைம் இல்ல'ன்னு சொல்றாங்க. பிசுக்கு பயத்தமாவில போயிடும். வாசம் எள்ளோட வாசம், நிலத்தில நிக்கிறப்பவும் அதுதான் அடிக்கும். டைம் பத்தி நான் என்ன சொல்றது, அலைச்சல் உங்களுது. ஆனா ஞாயித்துக்கிழமை காலையில அரை மணி நேரம் போனைக் கீழ வச்சாப் போதும். எண்ணெய்க் கையோட போனை எடுக்கவும் முடியாது, அது ஒரு லாபம்.

மாசி வர இன்னும் நாள் இருக்கு. விதைக்கலாமா வேணாமான்னு எங்க பக்கம் ஒவ்வொருத்தனும் கார்த்திகை, மார்கழியிலயே மனசுக்குள்ள கணக்குப் போட ஆரம்பிச்சிடுவான். நீங்க பத்துப் பேர் முடிவு பண்றதா இருந்தா அதுக்கு முன்னாடி பண்ணுங்க.

அடுத்த வாரம் ஏரித் தண்ணி நிலவரம் எழுதுறேன்.